பேராசிரியர் ஸ்டோக்ஸும் பாய்பொருட் கணிதமும்

கல்லூரியிற் பௌதிகம் பயில்வார் யாவரும் என்றேனும் ஒரு நாள், விளக்கெண்ணெய் நிரம்பிய நெடிய கண்ணாடிக் குழாயின்முன் கடிகாரமும் கையுமாக நின்றிருப்பர். சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் இடுவதும், அவை இரு குறிகளுக்கிடையே இறங்கும் காலத்தை அளப்பதும், அதனின்றும் எண்ணெயின் பாகுத்தன்மையைக் கணக்கிடுவதும் அன்றைய பாடம். ஏட்டின் தலைப்பில் 'ஸ்டோக்ஸ் விதி' என்று எழுதுகிறோம். விடை நூலிற் கண்ட அளவோடு ஒத்துவிட்டால் மகிழ்கிறோம். ஒவ்வாவிடின் எண்ணெயைப் பழிக்கிறோம். அத்துடன் ஸ்டோக்ஸை மறந்துவிடுகிறோம். அவர் யாவர், அவ்விதியை எதன்பொருட்டுக் கண்டார், கண்டபின் எஞ்சிய ஐம்பது ஆண்டுகளில் என் செய்தார் என்று வினவுவார் அரியர். அவ்வினாக்களுக்கு, அவற்றுள்ளும் சிறப்பாகக் கடைசி வினாவிற்கு, இயன்ற அளவு விடை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்பார் அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஸ்லைகோ மாவட்டத்தில், ஸ்க்ரீன் என்னும் சிற்றூரில், 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குரு. தாயாரும் ஒரு குருவின் மகளே. தமையன்மாரும் குருத்தொழிலையே மேற்கொண்டனர். பெருஞ்செல்வம் இல்லை, ஆனால் இறைவழிபாடும் கல்வியும் குறைவற்றிருந்த இல்லம் அது. இளைஞர்க்கு எண்கணிதம் கற்பித்தவர் அவ்வாலயத்தின் கணக்கர் ஒருவர். பின்னர் டப்ளினிலும் பிரிஸ்டலிலும் பயின்று, 1837-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த பெம்புரோக் கல்லூரியில் மாணாக்கராகச் சேர்ந்தார். சிறுவயதில் ஸ்லைகோ கடலில் நீராடுகையில் ஒரு பேரலை இவரை இழுத்துச் செல்ல இருந்தது என்றும், அலைகளைப்பற்றிய ஆர்வம் அன்று தோன்றியதென்றும் சொல்வதுண்டு. உயிர்க்கு இறுதி வருவித்தற்கிருந்த பொருளையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டமை வியப்பே.

அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சை ஒரு போர்க்களம் போன்றது. தேறியவர்களின் பெயர்களைத் தகுதி வரிசைப்படி வெளியிடுவர். முதலிடம் பெற்றவர்க்கு 'ஸீனியர் ராங்கலர்' என்பது பட்டம். பரீட்சைக்கு ஆயத்தம் செய்வித்தற்கென்றே தனியாசிரியர்கள் இருந்தனர். அவர்களுள் வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவர் பெயர் பெற்றவர். ஸ்டோக்ஸ் அவரிடம் பயின்று, 1841-ஆம் ஆண்டில் முதலிடத்தையும் ஸ்மித் பரிசில் முதற் பரிசையும் பெற்று, உடனே தம் கல்லூரியின் 'பெல்லோ' ஆகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். இவ்வளவு பெற்றவர்கள் சட்டத்துறைக்கோ திருச்சபைக்கோ செல்லுதல் வழக்கம். ஸ்டோக்ஸ் கல்லூரியிலேயே தங்கினார். ஹாப்கின்ஸ் முன்னரே கூறியிருந்த யோசனைப்படி, நீரும் காற்றும் போல ஓடும் இயல்புடைய பொருள்களின் இயக்கத்தை ஆராயத் தொடங்கினார். அப்பொருள்களை நாம் இங்குப் 'பாய்பொருள்' என்போம். கேம்பிரிட்ஜில் அந்நாளில் அப்பகுதியைப் பயில்வோர் மிகச் சிலரே.

அன்று அச்சாஸ்திரம் இருந்த நிலையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆய்லர் என்னும் பெரியார் 1755-ஆம் ஆண்டிலேயே பாய்பொருளின் இயக்கத்திற்குச் சமன்பாடுகள் அமைத்துவிட்டார். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடம் நோக்கிப் பொருள் உந்தப்படும் என்னும் கருத்தை நியூட்டனின் விதியோடு இணைத்த அழகிய சமன்பாடுகள் அவை. ஆனால் அவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. ஆற்றின் நடுவே நாட்டிய கழியை நீர் தள்ளுகின்றது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அச்சமன்பாடுகளின்படியோ, சீராக ஓடும் நீர் தன்னுள் மூழ்கிய பொருளை ஒரு சிறிதும் தள்ளுதல் இல்லை! டாலம்பேர் என்னும் பிரெஞ்சுக் கணிதர் இம்முரண்பாட்டை எடுத்துக் காட்டினார். கணிதம் ஒரு புறமும், வாய்க்காலும் குழாயும் அமைக்கும் பொறிவல்லுநர் மற்றொரு புறமுமாகப் பிரிந்து நின்றனர். அவர்கள் தத்தம் அனுபவத்தால் ஆக்கிய வாய்பாடுகளையே நம்பினர்.

குறை எங்கே உளது? ஒரு பாத்திரத்து நீரைக் கையாற் சுழற்றிவிட்டு வாளாவிருப்போமாயின், அது சிறிது நேரத்தில் அடங்கிவிடுகின்றது. பாத்திரத்திலுள்ளது தேனாயின் இன்னும் விரைவில் அடங்கும். எனவே பாய்பொருளின் ஒரு படலம் அடுத்த படலத்தின்மேல் வழுக்கிச் செல்லும்போது, வேகம் மிக்கது வேகம் குறைந்ததை இழுக்கின்றது. குறைந்தது மிக்கதைத் தடுக்கின்றது. இவ்வுட்புற உராய்வை ஆய்லரின் சமன்பாடுகள் கருதவில்லை. ஸ்டோக்ஸ் 1845-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் தத்துவ சங்கத்தில் வாசித்த கட்டுரையில் இதனைக் கணிதத்துள் கொணர்ந்தார். படலங்களுக்கிடையே வேகம் எவ்வளவு விரைவில் மாறுபடுகின்றதோ அவ்வளவுக்கு உராய்வும் மிகும் என்பதே அவர் கொண்ட அடிப்படை. பொருளின் ஒவ்வொரு சிறு பகுதியும் நகர்தல், சுழலுதல், உருத்திரிதல் என்னும் மூவகை இயக்கங்களை உடையதென்றும், இவற்றுள் உருத்திரிதல் ஒன்றே உராய்வை விளைப்பதென்றும் அவர் பிரித்துக் காட்டியது மிகத் தெளிவானது.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தலாகாது. அச்சமன்பாடுகளை முதன்முதல் எழுதியவர் ஸ்டோக்ஸ் அல்லர். பிரான்சில் நவியே என்னும் பொறிவல்லுநர் 1822-ஆம் ஆண்டிலேயே அவற்றை அடைந்திருந்தார். பின்னர்ப் புவாஸோனும் ஸேன் வெனானும் வேறு வழிகளால் அடைந்தனர். நவியே அணுக்களிடையே உள்ள கவர்ச்சி விலக்கங்களைக் கற்பித்துக்கொண்டு அங்குச் சென்றார். ஸ்டோக்ஸ் அணுக்களைப்பற்றி ஒன்றும் கருதாமல், கண்முன் காணும் தொடர்ச்சியான பொருளை மாத்திரம் கொண்டே சென்றார். பிற்காலத்தில் அணுக்களைப்பற்றிய கொள்கைகள் எவ்வளவோ மாறியபோதும் இவ்வழி அசையாது நின்றதற்கு அதுவே காரணம். 'நவியே–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள்' என்று இருவர் பெயராலும் வழங்குதல் நியாயமே.

சமன்பாடு கிடைத்துவிட்டது; இனி அது மெய்யா பொய்யா என்று சோதித்தல் வேண்டும். நீண்ட நேரான குழாயில் நீர் ஓடும் அளவை ஸ்டோக்ஸ் கணக்கிட்டார். பொஸ்ஸூ, துய்புவா என்போர் அளந்து வைத்திருந்த அளவுகளோடு ஒப்பிட்டார். ஒரு சிறிதும் ஒத்துவரவில்லை. வேறொருவராயின் சமன்பாட்டைக் கைவிட்டிருப்பார். அல்லது அளவுகளைக் குறைகூறியிருப்பார். ஸ்டோக்ஸ் ஒவ்வாமையை ஒளியாது கட்டுரையிலேயே கூறி, மேலே சென்றார். அவர் கணக்கிற் பிழை இல்லை என்பதை இன்று நாம் அறிவோம். நீர் மெதுவாக ஓடுங்கால் படலம் படலமாக ஒழுங்குடன் செல்லும். ஓர் எல்லையைக் கடந்தவுடன் கலங்கிச் சுழித்துச் செல்லும். இரண்டங்குல விட்டமுள்ள குழாயில், வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தைக் கடந்தாலே பெரும்பாலும் இக்கலக்கம் தோன்றக்கூடும். நகர்க்குழாய்களில் நீர் இதனினும் மிக விரைந்து ஓடுதலின், அவற்றில் அளந்த அளவுகளெல்லாம் கலங்கிய ஓட்டத்தின் அளவுகளே. ஸ்டோக்ஸ் கணக்கிட்டதோ ஒழுங்கான ஓட்டம். மயிர் போன்ற நுண்குழாய்களில் புவாஸேய் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் செய்த சோதனைகளோடு அக்கணக்கு முற்றும் ஒத்திருப்பதைப் பிறர் 1860-ஆம் ஆண்டளவிற் காட்டினர். இருவகை ஓட்டங்களையும் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பார் கண்ணாடிக் குழாயிற் சாயநீரை விட்டு யாவரும் காண வேறுபடுத்திக் காட்டியது 1883-இல். அதற்குள் ஸ்டோக்ஸின் கட்டுரை தோன்றி 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

மற்றொரு சோதனை அவருக்குக் கைகொடுத்தது. அது ஊசல். பூமியின் ஈர்ப்பை அளப்பதற்கு அக்காலத்தில் ஊசலே தலைசிறந்த கருவி. காற்றினுள் ஆடும் ஊசல் வெற்றிடத்தில் ஆடுவதைவிடச் சிறிது தாமதித்து ஆடும். அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கழித்தாலன்றி ஈர்ப்பின் அளவு சரிவாராது. ஊசற்குண்டு சுற்றியுள்ள காற்றையும் உடன் இழுத்துச் செல்லுகின்றது என்று ஜெர்மன் வானநூலார் பெஸ்ஸெல் 1828-இல் காட்டியிருந்தார். பெய்லி என்னும் ஆங்கிலேயர் பலவகை ஊசல்களைக் காற்றிலும் வெற்றிடத்திலும் ஆட்டி அளவுகளைத் தொகுத்திருந்தார். உராய்வற்ற கணிதத்தால் இவ்வளவுகளை விளக்க இயலவில்லை. ஸ்டோக்ஸ் 1850-ஆம் ஆண்டு டிசம்பரில் வாசித்த பெருங்கட்டுரையில், உட்புற உராய்வைக் கருதினால் பெய்லியின் அளவுகள் ஒழுங்குபடுவதைக் காட்டினார். திடப்பொருளை ஒட்டியுள்ள படலம் அதன்மேல் வழுக்குமா, அன்றி ஒட்டியே நிற்குமா என்னும் வினாவில் 1845-இல் தயங்கிய அவர், இக்கட்டுரையில் ஒட்டியே நிற்கும் என்னும் முடிவை மேற்கொண்டார். விமானச் சிறகைப்பற்றிய கணிதமெல்லாம் இன்றும் அம்முடிவின்மேல் நிற்கின்றது.

விளக்கெண்ணெய்க் குழாயின் விதி அக்கட்டுரையில் ஒரு கிளையாக வருவது. ஊசற்குண்டு ஆடாமல் ஒரே திசையில் மெதுவாகச் சென்றால் என்னாகும் என்று வினவினார். கோளத்தின் ஆரத்தையும், அதன் வேகத்தையும், பாய்பொருளின் பாகுத்தன்மையையும் பெருக்கி, அதனை 6 பை என்னும் எண்ணாற் பெருக்கினால் தடையின் அளவு வரும் என்பது விடை. இதனைக்கொண்டு மேகம் ஏன் வீழ்ந்துவிடவில்லை என்பதை அவர் விளக்கினார். நீர் காற்றைவிட எத்தனையோ மடங்கு கனமானது. எனினும் மேகத்துளி வானில் நிற்கின்றது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள துளியை எடுத்துக்கொள்வோம். இவ்விதிப்படி அது வினாடிக்கு ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் வீதமே இறங்கும். விட்டம் பத்தில் ஒரு பங்காகுமாயின் வேகம் நூறில் ஒரு பங்காகும். அத்துளி ஒரு மணி நேரத்தில் அரை மீட்டர்கூட இறங்காது. மெல்ல மேலெழும் காற்று அதனைத் தாங்கிக்கொள்ளப் போதும். மழைத்துளிக்கு இவ்விதி பொருந்தாது; பருத்த துளி விரைந்து விழ, அதன் பின்னே காற்றுக் கலங்கிவிடுகின்றது.

இக்கட்டுரையிலும் ஒரு தவறு உண்டு. காற்றின் அழுத்தம் குறைந்தால் அதன் பாகுத்தன்மையும் உடன் குறையும் என்று ஸ்டோக்ஸ் கருதினார். அதனால் காற்றின் பாகுத்தன்மை உண்மையளவிற் பாதியாக அவருக்குக் கிடைத்தது. அடர்த்தி எவ்வாறாயினும் வாயுவின் பாகுத்தன்மை மாறாது என்னும் வியத்தகு முடிவை மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் 1859-இல் இவருக்கே கடிதமெழுதித் தெரிவித்தார். பின்னர்ச் சோதனையாலும் நிறுவினார். விதி மாத்திரம் பிழையின்றி நின்றது. ஸ்டோக்ஸின் முதுமைக் காலத்தில் ஜே. ஜே. தாம்ஸன் கேம்பிரிட்ஜிலேயே, செயற்கை மேகத்தின் துளிகள் வீழும் வேகத்தை இவ்விதியால் அளந்து, அவற்றிலுள்ள மின்னேற்றத்தைக் கணக்கிட்டார். அமெரிக்காவில் மில்லிக்கன் 1909 முதல் எண்ணெய்த்துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் ஏற்றத்தைத் திட்டமாக அளந்ததற்கும் இதுவே துணை. ஆயினும் மிக நுண்ணிய துளிகளுக்கு இதனைச் சிறிது திருத்திக்கொள்ள நேர்ந்தது.

அலைகளைப்பற்றிய 1847-ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் விரைந்து கூறிச் செல்லுதல் அதன் பெருமைக்குத் தகாது, எனினும் இடமில்லை. உயர்ந்த அலையின் முகடு கூர்மையாகவும் பள்ளம் அகன்று தட்டையாகவும் இருப்பதையும், அலை கடந்தபின் நீர்த்துளி பழைய இடத்திற்கே மீளாமல் சிறிது முன்னே நகர்ந்து நிற்பதையும் அவர் கணிதத்தால் நிறுவினார். கடலில் மிதக்கும் கட்டை அலையோடு மெல்ல மெல்ல நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அலை மிக மிக உயர்ந்து உடையுந் தறுவாயில் அதன் முகட்டின் கோணம் 120 பாகை என்று 1880-இல் ஊகித்தார். அவ்வூகம் உண்மையே என்பதற்கு முழு நிரூபணம் 1982-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

இனி, பேராசிரியர் ஸ்டோக்ஸைக் காண்போம். 1849-ஆம் ஆண்டில், முப்பதாவது வயதில், கேம்பிரிட்ஜில் லூக்காஸ் கணிதப் பேராசிரியராக நியமனம் பெற்றார். நியூட்டன் வீற்றிருந்த பீடம் அது. ஆயின் அதன் பெருமை அப்போது மங்கியிருந்தது. முன்னிருந்தவர்களுள் பாப்பேஜ் என்பார் பதினொரு ஆண்டுகள் அப்பதவியை வகித்தும் ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தியவரல்லர். ஸ்டோக்ஸ் பதவியேற்றவுடன் ஓர் அறிவிப்புச் செய்தார். சர்வகலாசாலையைச் சார்ந்த எவருக்கேனும் கணிதப் பயிற்சியில் இடர் நேருமாயின், அவர்க்கு உதவுதல் தம் கடமையின் பகுதி என்பதே அது. இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். பேராசிரியர் என்பார் பரீட்சைக்கு உதவாத உயர்ந்த பொருள், தனியாசிரியரே பயன்படும் பொருள் என்று மாணாக்கர் எண்ணிய அக்காலத்தில் அஃது ஒரு புதுமை.

அவருடைய சொற்பொழிவுகள் நீர்நிலையியலையும் ஒளியியலையும் பற்றியவை. ஆடம்பரம் இல்லாதவை, எளிய கருவிகளால் மேசையின்மேலேயே சோதனை செய்து காட்டுவார். பிற்காலத்து ராலே பிரபு, ஹொரேஸ் லாம் முதலியோர் அவற்றைக் கேட்டவர்கள். பாய்பொருளியலுக்கு நெடுங்காலம் வேதநூல்போல் விளங்கிய பெருநூலை இயற்றியவர் அந்த லாம் என்பாரே. ஸ்டோக்ஸ் வகுப்பிற்கு வெளியே பேசாதவர். விருந்துகளில் அவர் அருகில் அமர்ந்தவர்கள் அவருடைய மௌனத்தைப்பற்றிப் பல கதைகள் கூறுவர். கையெழுத்தோ பிறர் படிக்க இயலாதது. ஆகையால் தட்டச்சுப்பொறி வந்த காலத்தில் அதனை ஆர்வத்தோடு மேற்கொண்டார்.

அவர் வினாத்தாள் அமைத்த திறத்திற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1850-ஆம் ஆண்டு அவர் நண்பர் வில்லியம் தாம்ஸன், அஃதாவது பிற்காலத்துக் கெல்வின் பிரபு, தமக்குத் தோன்றிய ஒரு தேற்றத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஒரு பரப்பின் விளிம்பைச் சுற்றி அளக்கும் ஓட்டம், அப்பரப்பு முழுவதிலும் உள்ள சுழற்சியின் தொகைக்குச் சமம் என்பது அதன் சாரம். ஸ்டோக்ஸ் 1854-ஆம் ஆண்டு ஸ்மித் பரிசுப் பரீட்சையில் அதனை நிறுவுமாறு ஒரு வினாவாகக் கொடுத்துவிட்டார். அன்று பரீட்சை எழுதியவர்களுள் மாக்ஸ்வெல்லும் ஒருவர். பரிசை அவரும் ரூத் என்பாரும் பகிர்ந்துகொண்டனர். அத்தேற்றம் பின்னர் மாக்ஸ்வெல்லின் மின்காந்த நூலில் முக்கியமான இடம் பெற்றது. இன்று அது 'ஸ்டோக்ஸ் தேற்றம்' என வழங்குகின்றது. கண்டவர் ஒருவர், வினாவாக்கியவர் மற்றொருவர்; பெயர் வினாவாக்கியவரைச் சேர்ந்தது. பரீட்சை வினாக்களைக் கண்டு அஞ்சும் நம் நண்பர்கள் இதனை நினைத்து ஆறுதல் பெறலாம்.

1852-இல், சில பொருள்கள் கண்ணுக்குப் புலனாகாத ஒளியை ஏற்றுக்கொண்டு புலனாகும் ஒளியாக வெளிவிடுவதைக் கண்டு விளக்கி, அதற்கு 'ப்ளூரெஸன்ஸ்' எனப் பெயரிட்டார். ராயல் ஸொஸைட்டி அதன்பொருட்டு ரம்போர்டு பதக்கம் அளித்தது. 1854-இல் அச்சங்கத்தின் காரியதரிசிகளுள் ஒருவரானார். பேராசிரியப் பதவியின் வருவாய் போதாமையால், அதே ஆண்டு முதல் லண்டனிலிருந்த சுரங்கக் கலாசாலையிலும் சில காலம் கற்பித்தார்.

1857-இல் திருமணம். மணமகள் மேரி ஸுஸான்னா ராபின்ஸன், அயர்லாந்தின் ஆர்மா நகரத்து வானநூலாரின் மகள். அக்காலத்துக் கல்லூரி விதிப்படி மணஞ்செய்துகொண்டவர் பெல்லோவாக நீடித்தல் இயலாது. எனவே ஸ்டோக்ஸ் தம் கல்லூரி உரிமையை இழந்தார்; விதி திருத்தப்பட்டபின் 1869-இல் மீண்டும் பெற்றார். திருமணத்திற்குச் சிறிது முன்னர் மணமகளுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று சுவையுடையது. பூனை அயலூரில் இருக்கும்போது எலி விளையாடுகின்றது என்று நகையாடி, தாம் விடியற்காலை மூன்று மணிவரையில் ஒரு கணிதச் சிக்கலோடு போராடியதை ஒப்புக்கொள்கிறார். மணமானபின் இதற்கு அனுமதி கிடைக்காதென்பதையும் தாமே கூறிக்கொள்கிறார். வானவில்லைப்பற்றி ஏரி என்பார் எழுதிய ஒரு தொகையீட்டின் சிக்கல் அது. அவ்விரவிலே விளைந்த முடிவு இன்று 'ஸ்டோக்ஸ் தோற்றம்' என்னும் பெயரால் கணிதத்தில் நிலைபெற்றுள்ளது.

அவர் அஞ்சியது ஒருவாறு நிகழ்ந்தது என்றே சொல்லுதல் வேண்டும். ஆனால் பூனை மனைவியார் அல்லர். ராயல் ஸொஸைட்டியின் காரியாலயமே. 1854 முதல் 1885 வரை முப்பத்தோராண்டுகள் அவர் காரியதரிசியாக இருந்தார். சங்கத்திற்கு வரும் கட்டுரைகளைப் படித்தல், மதிப்பிடுவோர்க்கு அனுப்புதல், ஆசிரியர்க்குத் திருத்தங்களைக் கூறுதல் ஆகியவை அவர் தலைமேல் விழுந்தன. அவர் வெறுந் தபாற்காரராக இருக்கவில்லை. கணக்கில் இடறுவோரைத் தூக்கி நிறுத்தினார். சோதனையில் மயங்குவோர்க்கு அடுத்துச் செய்யவேண்டிய சோதனையை எழுதியனுப்பினார். பிறர் கட்டுரைகள் பலவற்றுள் அவருடைய அறிவு பெயரின்றிக் கலந்து கிடக்கின்றது. 1879-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் வண்டித்தொடரோடு வீழ்ந்தபோது, பாலங்களின்மேற் காற்றின் அழுத்தத்தை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவிலும் அவரை அமர்த்தியது. இவ்வாறாக முப்பதாவது வயதிற்கு முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகளிற் பெருவெள்ளமாகப் பாய்ந்த அவருடைய சொந்த ஆராய்ச்சி, பின்னர்ச் சிற்றோடையாயிற்று.

இஃது இழப்பன்றோ? நண்பர்கள் சிலர் அப்போதே அவ்வாறு வருந்தினர். தன்னலமற்ற தொண்டு என்று புகழ்ந்து அவ்வினாவைக் கடந்துவிடுதல் எளிது. என் கருத்தோ, இழப்பு உண்மையானதே என்பது. கலங்கிய ஓட்டத்தைப்பற்றி அவர் 1845-இல் விட்டுச்சென்ற முடிச்சை அவரே அவிழ்க்க முயன்றிருக்கலாம். அம்முயற்சிக்குரிய ஆண்டுகள் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதிற் சென்றன. ஆனால் அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. 'இடர்ப்படுவோர்க்கு உதவுதல் என் கடமை' என்று 1849-இல் சொன்னவர், அதனைக் கேம்பிரிட்ஜின் எல்லைக்கு வெளியேயும் மெய்யாக்கினார். பிறர் பெற்ற புகழைப்பற்றி அவர் மனம் எவ்வாறிருந்தது என்பதற்கும் சான்றுண்டு. சூரிய ஒளியின் நிறமாலையிலுள்ள கருங்கோடுகளின் காரணத்தைப்பற்றி அவர் 1852-ஐ ஒட்டித் தம் நண்பர் தாம்ஸனோடு உரையாடியிருந்தார். தாம்ஸன் அதனைக் கிளாஸ்கோவில் மாணாக்கர்க்குக் கூறியும் வந்தார். 1859-இல் கிர்க்காப் என்னும் ஜெர்மானியர் அதனை நிறுவிப் பெரும்புகழ் எய்தியபோது, முதன்மை ஸ்டோக்ஸுக்கு உரியதென்று தாம்ஸன் வாதித்தார். ஸ்டோக்ஸோ, தாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை என்று கூறி அவ்வுரிமையை மறுத்துவிட்டார்.

1885 முதல் 1890 வரை ராயல் ஸொஸைட்டியின் தலைவர். 1887 முதல் 1892 வரை பாராளுமன்றத்திற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பிரதிநிதி. 1889-இல் பாரனெட் பட்டம். 1893-இல் காப்ளி பதக்கம். நம் போன்ற கல்லூரியிற் பயில்வோர்க்கு அவருடைய சமய வாழ்க்கையும் அறியத்தக்கது. 1886 முதல் இறுதிவரையில், விஞ்ஞானத்தையும் கிறிஸ்தவ சமயத்தையும் ஒருங்கே ஆராயும் விக்டோரியா சங்கத்தின் தலைவராயிருந்தார். எடின்பரோவில் இயற்கை வழி இறையியலைப்பற்றிக் கிப்போர்டு சொற்பொழிவுகளையும் நிகழ்த்தினார். ஆழ்ந்த பக்தியுடையவரெனினும் எல்லாவற்றையும் கேட்டபடி ஏற்றவரல்லர். தீயோர்க்கு முடிவில்லாத நரகவேதனை உண்டு என்னும் போதனை அவர் மனத்திற்கு இசையவில்லை. அழியாமை என்பது இறைவன் அருளும் கொடையே என்று கருதி, அதனை வெளிப்படையாகவும் எழுதினார்.

1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பேராசிரியராக ஐம்பது ஆண்டுகள் நிறைந்தமைக்குக் கேம்பிரிட்ஜில் பெருவிழா நடந்தது. பிரான்சிலிருந்து கொர்னு என்பார் வந்து சிறப்புச் சொற்பொழிவு நிகழ்த்தினார். 1902-இல் ஸ்டோக்ஸ் தாம் மாணாக்கராய் நுழைந்த பெம்புரோக் கல்லூரிக்கே தலைவரானார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பேராசிரியப் பதவியில் இருக்கும்போதே, உயிர் நீத்தார். மறு ஆண்டு ஜெர்மனியில் பிராண்டில் என்பார், பொருளை ஒட்டிய மெல்லிய படலத்தில் மாத்திரம் உராய்வு ஆற்றல் மிக்கு நிற்பதைக் காட்டி, டாலம்பேரின் பழைய முரண்பாட்டிற்கு வழி கண்டார்.

சமன்பாடுகள் இன்னும் முற்றும் வசமாகவில்லை. வானிலையை முன்னறிவிப்போரும் விமானம் அமைப்போரும் குருதியோட்டத்தை ஆராய்வோரும் அவற்றைக் கணிப்பொறிகளில் இட்டுப் பயன் கொள்ளுகின்றனர். எனினும் முப்பரிமாணத்தில், சீரான ஓட்டமாகத் தொடங்கியது எக்காலத்தும் சீர்குலையாத விடையை உடையதாயிருக்குமா என்பதை இதுவரை ஒருவரும் நிறுவினாரில்லை. கிளே கணித நிலையம் 2000-ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு குறித்து வெளியிட்ட ஏழு வினாக்களுள் இதுவும் ஒன்று.

ஸ்டோக்ஸ் கடிதங்களை எறியும் வழக்கமில்லாதவர். அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான கடிதங்கள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் உள்ளன. அவருக்குப்பின் லூக்காஸ் பீடம் ஏறிய லார்மர், அவற்றுட் சிலவற்றைத் தெரிந்து 1907-இல் இரண்டு பெருந் தொகுதிகளாக அச்சிட்டார். மகளார் தந்தையைப்பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகளும் அவற்றுள் உண்டு. எஞ்சிய பக்கங்களிற் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் தம் கணக்கிலோ சோதனையிலோ நேர்ந்த இடரை எழுத, அதனைத் தீர்க்க எழுந்த கடிதப் போக்குவரத்தே.